இது என்ர வலது கை

அவருக்கு வெட்கம் பாதத்தில் வரும். மற்றவர்களுக்கு முகம் சுருங்கும், குரல் தாழும். அவருக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சப்பாத்துக்குள் இருந்து குதிக்கால்கள் இரண்டும் மெல்ல வெளியே வரும். சப்பாத்தை முழுதாகக் கழற்றவும் மாட்டார், ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நிற்கவும் மாட்டார். பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நின்று, "எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்பார்.

ஊசி ஏற்ற நரம்பு பிடிபடாமல் இரண்டாம் தரம் குத்த நேர்ந்தால் சொல்வார். நோயாளியின் பெயரை மாற்றிக் கூப்பிட்டுவிட்டால் சொல்வார். எல்லாவற்றையும்விட, தனக்கு விளங்காத ஒன்றைத் தான் செய்துகொண்டிருப்பதாகத் தெரிந்தால் அவருக்கு வெட்கம் வந்துவிடும். ஒருமுறை ஒரு கிழவர், தனக்குக் கொடுத்த குளிசை என்ன செய்யும் என்று கேட்டார். சலம் கூடப் போகும், காலில் வீக்கம் வற்றும் என்று இவர் சொன்னார். அது எப்படி என்று கிழவர் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் குடித்துப் பாருங்கோ, தெரியும் என்று அனுப்பியிருப்பார்கள். இவருடைய குதிக்கால்கள் வெளியே வந்தன.

"அது எனக்குத் தெரியாது அப்பு. கேட்டுச் சொல்லுறன்."

அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது கிழவர் கேட்டதையே மறந்திருந்தார். இவர் மறக்கவில்லை. கிழவரை ஒரு மூலையில் இருத்திச் சிறுநீரகத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பஸ் போகப் போகிறதென்று கிழவர் தவித்ததை நான் பார்த்தேன்.

ஆசுபத்திரித் தாதிகளை எங்கள் பக்கத்தில் மிஸி என்போம். இவரும் எங்களுக்கு மிஸிதான். பெயர் எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுதி, அது எப்படியாவது அவர் கையில் போய்ச் சேர்ந்தால் குதிக்கால்கள் மறுபடி வெளியே வரும். ஆசுபத்திரி இருந்த ஊரையும் சொல்லாமல் விடுகிறேன். அறுபதுகளின் தொடக்கம். தர்மபுரத்துக்கு உள்ளே எங்களுக்குக் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி நெல் விதைத்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. நாங்கள் சைவக்காரர். மிஸி முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த வேதக்காரி, கிறிஸ்தவர். அவருடைய தகப்பனும் சகோதரர்களும் நந்திக்கடலில் தொழில் செய்தவர்கள். அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். எனக்கு இருபத்தாறு.

அந்த ஆசுபத்திரிக்கு இருதயத் துடிப்பைக் கடதாசியில் கீறும் மெசின் ஒன்று வந்தது. கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்தவர் மிஸிக்கு ஒரு பின்னேரம் பழக்கிவிட்டுப் போய்விட்டார். மெசினிலிருந்து நான்கு வயர்கள் வரும். இரண்டு கட்டை, இரண்டு நீளம். நுனியில் இருக்கும் பட்டிகளைக் கைகளிலும் கால்களிலும் கட்டவேண்டும். தோலில் உப்புப் பசை பூசித்தான் கட்டுவார்கள். அந்தப் பசை பட்டுப் பட்டு, வயர்களில் இருந்த எழுத்துகள் அழிந்துபோயின. அது ஒன்றும் பெரிய இடைஞ்சலாக இருக்கவில்லை. கட்டில் சுவரோடு போடப்பட்டிருந்தது, மெசின் ஒரு பக்கத்தில் இருந்தது. கிட்ட இருப்பது வலது கை, கட்டை வயர். தூர இருப்பது இடது கை, நீள வயர். பழக்கியவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

சனங்கள் அதை நெஞ்சுக்குக் கறண்ட் பிடிக்கிற மெசின் என்றார்கள். கறண்ட் அடித்துச் செத்துப்போவோம் என்று பயந்தார்கள். மெசின் கறண்ட் கொடுப்பதில்லை, உங்களுடைய நெஞ்சில் இருக்கிற கறண்டை வாங்கிக் கீறுகிறது என்று மிஸி ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. என்னைக் கூட்டிப் போன மாமிக்கும் சொன்னார். மாமி என் கணவரின் தாய்.

"எங்கட காணிக்கு இன்னும் ஒரு கம்பம் நடேல்லை," என்றார் மாமி. "இவளின்ர நெஞ்சுக்குக் கறண்ட் வந்திட்டுதோ?"

மிஸி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அது எப்பிடி வருகுதெண்டு எனக்கும் வடிவா விளங்கேல்லை" என்று சொல்லிக் குதிக்காலை வெளியே எடுத்தார்.

நான் அங்கே போனதற்குக் காரணம் வயலில் இரண்டு தரம் மயங்கி விழுந்தது. முதலில் உண்டான பிள்ளையும் தங்காமல் போயிருந்தது. அறைக்குள் போனதும் மாமி கட்டிலைப் பார்த்தார். தலையணை வடக்குப் பக்கம் இருந்தது.

"வருத்தக்காரியை வடக்கை தலைவைச்சுக் கிடத்தப் போறியளோ?"

மிஸிக்கு இது புதிதல்ல. எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பதுதான். வேறு மதத்து வழக்கம் என்று அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "அதுக்கென்ன அம்மா" என்று தலையணையை எடுத்துத் தெற்குப் பக்கம் போட்டார். நான் கால்களை வடக்கே நீட்டிப் படுத்தேன். அவர் கைகளிலும் கால்களிலும் பட்டிகளைக் கட்டினார். அதன்பிறகு நெஞ்சில் வைத்து எடுக்கவேண்டும், சட்டையைத் தளர்த்தவேண்டும் என்றார். நான் சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். மாமி வேண்டாம் என்று என் சார்பில் சொன்னார். மிஸி வற்புறுத்தவில்லை. எங்கள் பெண்களில் ஒருவரும் அதற்குச் சம்மதித்ததில்லை என்று பிறகு அறிந்தேன். "சரி, கை கால் காணும்" என்று அதோடு நிறுத்தினார். அவ்வளவு மரியாதையாக என்னை எந்த ஆசுபத்திரியிலும் ஒருவரும் நடத்தியதில்லை.

கிழமைக்கு ஒருநாள் வெளியிலிருந்து வரும் டொக்டர் கடதாசியைப் பார்த்தார். குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். ஏதோ ஒரு சத்தம் இருக்கிறதென்றார். பிறகு கணவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். சிறுவயதில் வந்த காய்ச்சலால் இருதய வால்வு பழுதாகியிருக்க வேண்டும், வலது பக்கம் பெருத்திருப்பதாகப் படம் காட்டுகிறது, பிள்ளை பெற்றால் இந்த நெஞ்சு தாங்காது. கணவர் வீட்டுக்கு வந்து அதை எனக்குச் சொன்னபோது, வாளியில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கே இவர் தன் பாயை விறாந்தைக்கு எடுத்துப் போனார். அன்பினால்தான் போனார், எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டு விறாந்தை வாய்க்கால் பாதையைப் பார்த்தது. விடியற்காலையில் வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும், கலியாணமாகி மூன்றாம் வருடத்தில் ஒரு மனிதன் விறாந்தையில் பாய் சுருட்டுவதைக் கண்டார்கள். கிணற்றடியில் பெண்கள் என் குடத்தை வாங்கித் தூக்கினார்கள். அந்தக் குடியேற்றத்தில் எனக்கு நெஞ்சுக்காரி என்று பெயரானது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எந்த நேரமும் எனக்குச் சேலை நழுவிக் கிடப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்கும் மேலாக மாதாமாதம் கிளினிக்குக்குப் போனேன். அந்தக் காலத்தில்தான் மிஸியை அறிந்தேன். மெசினைத் தினமும் இயக்குகிறார், அது என்ன கீறுகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. இதை அவரால் தாங்கமுடியவில்லை. டொக்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "கீறிக் குடுங்கோ மிஸி, காணும், வாசிக்கிறது என்ர வேலை" என்று டொக்டர் சொன்னாராம். கடைசியில் தொல்லை தாங்காமல் தன் ஆங்கிலப் புத்தகத்தையே கொடுத்துவிட்டார். மிஸி அதை அகராதியோடு வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு கிழமை என்று வாசித்தார். நான் எஸ்.எஸ்.சி. படித்தவள் என்பதால், விளங்கியதை என்னிடம் சொல்லிப் பார்ப்பார்.

நெஞ்சுத் தசை முழுவதும் சின்னச் சின்னக் கலங்கள். சும்மா இருக்கும்போது கலத்தின் வெளிப்பக்கம் கூட்டல், உள்பக்கம் கழித்தல். உப்பு வெளியே காத்து நிற்கிறது. கதவு திறந்தவுடன் உள்ளே பாய்கிறது. அப்போது உள்பக்கம் கூட்டலாகிறது, வெளிப்பக்கம் கழித்தலாகிறது. ஒரு கலம் அப்படி மாறினால் பக்கத்துக் கலமும் கதவைத் திறக்கும். இப்படியே ஒன்றைத் தொட்டு ஒன்றாக நெஞ்சு முழுக்கப் போகும். போய் முடிந்ததும் ஒவ்வொரு கலமும் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த முறைக்குக் காத்திருக்கும்.

கறிக்குப் போடுகிற உப்போ என்று கேட்டேன். "அதின்ர ஒரு பாதி" என்றார்.

"அப்ப இதுதான் அடிப்போ மிஸி?"

"இல்லைப் பிள்ளை. இது அடிக்கச் சொல்லுறது. தசை சுருங்கிறது அதுக்குப் பிறகு. மெசின் கீறுறது அடியை இல்லை, அடிக்கு முதல் போற சொல்லை."

என் மகளின் உயிரியல் புத்தகத்தில் இதற்கு முனைவழிவு என்று பெயர் போட்டிருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் ஆசுபத்திரியில் நாங்கள் குந்திக் காத்திருந்த இரண்டு வாங்குகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அன்றைக்கு டொக்டர் வரச் சுணங்கினார். நோயாளிகள் இரண்டு நீள வாங்குகளில் இருந்தோம். மிஸி வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. மெசின் கீறுவது தனக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது, உங்களுக்கும் காட்டுகிறேன் என்றார். முதல் வாங்கு நெஞ்சின் மேலறை, இரண்டாம் வாங்கு கீழறை. இருப்பவர்கள் எல்லோரும் சும்மா இருக்கும் கலங்கள். பக்கத்தில் இருப்பவர் எழும்பித் தோளைத் தொட்டால் நீங்களும் எழும்பவேண்டும், அடுத்தவரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வாங்கில் இருந்துவிட வேண்டும். இரண்டு வாங்குக்கும் நடுவில் மாமியை நிறுத்தினார். மேலறையிலிருந்து வரும் சொல்லை வாங்கிக் கொஞ்சம் தாமதித்து, பிறகு கீழறைக்குக் கொடுக்கும் வேலை. மேலறை தன் இரத்தத்தைக் கீழே இறைத்து முடிக்க அந்தத் தாமதம் வேண்டும் என்றார். மாமி அதை ஒரு பதவியாக ஏற்றுக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதல் இரண்டு தரமும் குழம்பியது. ஒரு கிழவர் தன் முறை வருவதற்கு முன்பே எழும்பி எழும்பி இருந்தார். "அப்பு, முறை வர முதல் எழும்பப்படாது. நெஞ்சுக்குள்ளயும் உங்களை மாதிரி ஆக்கள் இருக்கினம், அவையாலதான் துடிப்புத் தட்டுது" என்றார் மிஸி. எல்லோரும் சிரித்தோம். வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்த இடத்தில் நாங்கள் அவ்வளவு சிரித்ததில்லை. மூன்றாம் தரம் ஒழுங்காகப் போனது. முதல் வாங்கில் ஒரு சின்ன எழுப்பம், மாமியிடம் ஒரு தாமதம், பிறகு இரண்டாம் வாங்கு முழுவதும் சரசரவென்று எழும்பி இருந்தது.

மிஸி இரண்டாம் வாங்கின் கடைசியில் போய் நின்றார். "நான்தான் இப்ப வயர். எழுப்பம் என்னை நோக்கி வருகுது. அப்ப மெசின் கோட்டை மேல தூக்கும். அந்தத் தலைப்பில நிக்கிற ஆளுக்கு எழுப்பம் விலகிப் போகுது. அங்க வயர் இருந்தா, கோடு கீழ இறங்கும்."

மாமி தன் பதவியில் நின்றபடியே கேட்டார்.

"அப்ப நீங்கள் அங்காலை மாறிப் போய் நிண்டா, நல்லா இருக்கிற எங்கட எழுப்பமும் கீழதான் கீறுமோ?"

"ஓம் அம்மா. எழுப்பம் அதேதான். நான் நிக்கிற பக்கம் பிழை எண்டா…"

அந்த வாக்கியம் முடியவில்லை. அவர் மாமியைப் பார்த்தார். பிறகு கட்டில் இருந்த அறையைப் பார்த்தார். குதிக்கால்கள் வெளியே வந்தன. அன்று சப்பாத்து இரண்டும் அந்த இடத்திலேயே கழன்று நின்றுவிட, வெறுங்காலோடு அறைக்குள் போனார்.

கதவு திறந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, மிஸி கட்டிலில் ஏறி, வடக்கே தலைவைத்துப் படுத்தார். வலது கையைத் தூக்கினார். அது மெசின் பக்கம் இருந்தது. எழும்பித் தலையணையைத் தெற்கே போட்டார். மறுபடி படுத்து, வலது கையைத் தூக்கினார். அது மெசினுக்கு அங்கால்பக்கம், சுவரோடு இருந்தது. தூக்கிய கையை இறக்காமல் அப்படியே கிடந்தார்.

மிஸிக்குக் களைப்பு, படுத்துவிட்டார் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். மிஸி எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அன்றைக்கு ஒருவருக்கும் படம் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி, ரோட்டிலிருந்து எங்கள் காணிவரை நடந்து வந்திருந்தார். படலைக்கு வெளியே மணல் சுட்டுக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னோம். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுத்து அழிந்த வயர், கிட்டக் கை, தூரக் கை, மாறிப்போட்ட தலையணை. என் வலது கையின் வயரை இடது கையில் கட்டியிருக்கிறார். அதனால் எனக்கு மேலே கீற வேண்டிய கோடு கீழே கீறியிருக்கிறது. டொக்டர் அதை வாசித்திருக்கிறார். ஆண்களுக்கு நெஞ்சில் வைத்து எடுத்த படங்கள் சரியாக இருந்ததால், அவர்களின் கைப்படத்தில் இருந்த கோணலை டொக்டர் பெரிதுபடுத்தவில்லை. பெண்களுக்கு அந்தப் படம் இல்லை. வடக்கே தலைவைக்காத, சட்டையைத் தளர்த்தாத பெண்கள்தான் அகப்பட்டிருக்கிறார்கள்.

டொக்டர் அவரிடம், எல்லோரையும் திரும்ப வரச்சொல்லிப் படம் எடுத்தால் காணும், காரணம் சொல்லித் திரிய வேண்டாம் என்றாராம். அதையும் சொன்னார்.

"காரணம் சொல்லாட்டி, ஒரு வருசம் நீர் கஸ்டப்பட்டது என்னத்துக்கெண்டு உமக்குத் தெரியாமல் போயிடும்" என்றார் என்னைப் பார்த்து. "எனக்கு வெக்கமாக் கிடக்கு பிள்ளை."

மாமிதான் பேசினார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "தலைமாட்டை மாத்தச் சொன்னது நானெல்லோ மிஸி."

"நீங்கள் கேட்டது உங்கட வழக்கம். வயரைக் கட்டினது என்ர கை."

மாமி படலையைத் திறந்துகொண்டு வெளியே போனார். அந்தச் சுடுமணலில் அவரும் வெறுங்காலோடு நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நான் நிழலில் நின்றேன். கோபம் வரவேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. வந்தது கூச்சம்தான். ஒரு வளர்ந்த மனுசி தன் பிழையை இப்படி வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவருடைய கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சப்பாத்தின் பின்பக்கம் மிதிபட்டு மிதிபட்டுத் தட்டையாகிப் போயிருந்தது.

மறுபடி படம் எடுக்கப் போனபோது கட்டில் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. தலையணை கிழக்கே. இனி ஒருவரும் மாற்றச் சொல்லப்போவதில்லை. வயர்களின் நுனியில் புதிய துணி சுற்றி, நூலால் எழுத்துத் தைத்திருந்தார். மிஸி பட்டிகளைக் கட்டிவிட்டுத் தயங்கினார். நெஞ்சில் வைத்து எடுக்க வேண்டும் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். நானே சட்டைக் கொக்கிகளைக் கழற்றினேன். கண்களை மூடிக்கொண்டுதான் கழற்றினேன். உப்புப் பசை குளிர்ந்தது. அவருடைய விரல்கள் அதைவிடக் குளிர்ந்திருந்தன.

படம் சரியாக இருந்தது. டொக்டர் நெடுநேரம் கேட்டுவிட்டு, அந்தச் சத்தம் வால்விலிருந்து வருவதல்ல, இரத்தக் குறைவால் வருவது என்றார். மயக்கமும் அதனால்தான். இரும்புக் குளிசை எழுதினார். என் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். பாவம், அவருக்கும் கூச்சம்.

ஆனால் கணவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது. "முதல் படத்தையும் உண்மை எண்டுதான் நம்பினம். இதை என்னெண்டு நம்பிறது? இதுவும் பிழையாப் போனா இவளின்ர உயிர் எல்லோ போறது."

மிஸி என் பழைய படத்தைத் தேடி எடுத்தார். நந்திக்கடலில் ஒரு வள்ளம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கோ என்றார். ஒரு கரையில் நிற்பவனுக்கு முன்பக்கத்து அணியம் தெரியும், வள்ளம் வருகிறது என்பான். மற்றக் கரையில் நிற்பவனுக்குப் பின்பக்கம் தெரியும், போகிறது என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, வள்ளமும் ஒன்றுதான். அதன்பிறகு என் பழைய படத்தின் முதல் கோட்டைக் கத்தரித்து எடுத்தார். அதை மேல்கீழாகப் புரட்டி, பின்பக்கம் முன்னால் வர, புதிய கோட்டின் மேல் வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துடிப்பின் வேகம் இரண்டிலும் சற்று வேறு. ஆனால் ஒரு துடிப்பை மட்டும் எடுத்துப் பொருத்தினால், சின்ன எழுப்பம் சின்ன எழுப்பத்தின் மேலும், பெரிய கூர் பெரிய கூரின் மேலும், கடைசி மேடு கடைசி மேட்டின் மேலும் விழுந்தன. கீழே இறங்கியிருந்த என் நெஞ்சு, கடதாசியைப் புரட்டியவுடன் மேலே எழுந்து நின்றது.

கணவர் அதை வாங்கி, தானே புரட்டிப் பார்த்தார். திரும்பவும் புரட்டினார். "அப்ப இது எப்பவும் நல்லாத்தான் இருந்ததோ?" என்றார்.

"எப்பவும்" என்றார் மிஸி.

பாய் விறாந்தையிலிருந்து உள்ளே வந்தது. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும், பாய் வெளியே போனதை எழுதியவள் உள்ளே வந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் மிஸியின் குதிக்கால்கள் சப்பாத்துக்குள் திரும்பிப் போயிருக்கும். விசுவமடுவுக்கு அங்கால் ஒரு பெண் இருந்தார். என்னைவிட மூத்தவர், ஒரு பிள்ளையின் தாய். அவருக்கும் இதே கட்டில், இதே தலையணை, இதே கோடு. அவருடைய வீட்டார் எங்களைவிடச் சுறுசுறுப்பானவர்கள். டொக்டரின் சொல்லைக் கேட்டு, பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய், இனிப் பிள்ளை தங்காதபடி ஒப்பரேசன் செய்வித்திருந்தார்கள். மிஸி அந்த வீட்டுக்கும் போனார். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்தப் பெண் ஏசவில்லையாம், அழவும் இல்லையாம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல ஒன்று கேட்டாராம்.

"உங்களுக்கு வலது கை எது, இடது கை எது எண்டு தெரியாதோ மிஸி?"

"நான் என்ன சொல்ல?" என்றார் மிஸி என்னிடம். "தெரியும் எண்டு சொல்லவோ, தெரியாது எண்டு சொல்லவோ?"

அவருடைய கால்களைப் பார்த்தேன். சப்பாத்து ஒழுங்காகப் பூட்டியிருந்தது. அந்த வெட்கம் பாதத்துக்கு வந்து சேரவே இல்லை என்று நினைக்கிறேன். வேறு எங்கேயோ தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மிஸி ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். கட்டிலில் படுக்கிற ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, சைவமோ வேதமோ, பட்டி கட்டுவதற்கு முன் வலது கையைத் தூக்கி, "இது என்ர வலது கை" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதுவரை அவர் வயரைத் தொடமாட்டார். எழுத்துத் தைத்த பிறகும், வேறு மிஸிமார் வந்து பழகிய பிறகும் அதை விடவில்லை. கிழவர்கள் பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். மாமி மட்டும் தன் முறை வந்தபோது, கையைத் தோளுக்கு மேலே தூக்கி, கூரை அதிரச் சொன்னார். எங்கே படுத்தாலும், ஆர் கட்டினாலும் சொல்ல வேண்டும் என்று மிஸி எங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். "எனக்காகச் சொல்லுங்கோ" என்றார்.

என் மகள் பிறப்பதற்கு முன்பே அவர் மாற்றலாகிப் போய்விட்டார். மன்னாருக்கு என்றார்கள், மட்டக்களப்புக்கு என்றும் சொன்னார்கள். பிறகு நான் அவரைக் காணவில்லை.

போன மாதம் எனக்கு நெஞ்சு படபடத்தது. மகள் பிடிவாதமாகப் பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது, என்னைவிட உயரம். திரைக்கு வெளியே நின்றாள். புதிய மெசின், சின்னது. மீசை அரும்பிய ஒரு பெடியன் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் படுத்தேன். வலது கையைத் தூக்கினேன்.

"இது என்ர வலது கை."

அவன் நிமிராமலே சிரித்தான். "அம்மா தர்மபுரம் பக்கமோ?"

"ஓம் தம்பி. எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பக்கத்து ஆக்கள் கொஞ்சப் பேர் இப்பிடித்தான். படுத்தவுடன கையைத் தூக்குவினம். பயப்பிடாதேங்கோ, வலது எது இடது எது எண்டு எனக்குத் தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. திரைக்கு வெளியே மகள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறேன். போர்வைக்குக் கீழே என் குதிக்கால்கள் ஒன்றோடு ஒன்று உரசுவதை உணர்ந்தேன்.

"அவாவுக்கும் தெரியும், தம்பி" என்றேன்.

யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. ஆனால் சிரிப்பு நின்றது. கையிலிருந்த வயரின் எழுத்தைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். மறுபடி எழுத்தைப் பார்த்தான். அவன் பட்டியைக் கட்டி முடிக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.